ஐந்தாவது ஏன்

"ஏட்டி செல்வி, மறுபடியும் எதை அமுக்குன?"

மானிட்டரில் விளம்பரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குதித்துக்கொண்டிருந்தன. ஒன்றை மூடினால் மூன்று வந்தது. உங்களுக்குக் கார் பரிசு என்றது ஒன்று. நாளெல்லாம் கார்களுக்குக் கதவு மாட்டுகிறவன் சக்திகுமார். அவனுக்கே கார் தருகிறார்களாம்!

முத்துச்செல்வி காபி டம்ளருடன் பின்னால் வந்து நின்றாள்.

"யெஸ்னு ஒண்ணு, நோன்னு ஒண்ணு இருந்துச்சு. அவ்வளவு கேக்கும்போது நோன்னா மரியாதையா இருக்காதேன்னு..."

"கம்ப்யூட்டருக்கு என்னட்டி மரியாதை?"

கல்யாணமாகி எட்டு மாதம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து படப்பையில் இந்த ஒற்றை அறைக்குக் குடிவந்தவள் அவள். அவனுக்கு ஒரகடம் கார் கம்பெனியில் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் நைட், ஞாயிறானால் ஓ.டி. என்று கூடுதல் வேலை. விழித்திருக்கும் புருஷனை அவள் பார்ப்பதே அபூர்வம். இந்தப் பழைய கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும் ஞாயிறுகளில் மட்டும்தான் அவன் முழுசாக வீட்டில் இருப்பான். அந்த ஒரு நாளுக்காக அவள் எப்படி ஏங்குவாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

செல்போன் அடித்தது. சூப்பர்வைசர் நம்பிராஜன்.

"சார், இன்னைக்கு ஓ.டி. வர முடியாது சார். கம்ப்யூட்டர்ல வைரஸ். கல்யாண போட்டோ பூராவும் அதுலதான் இருக்கு சார்... போயிரும் போல."

போனை வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"உக்காரு. கம்பெனியில ஒரு தப்பு நடந்தா அஞ்சு தடவை 'ஏன்'னு கேப்போம். அஞ்சாவது ஏன்லதான் நிஜக் காரணம் மாட்டும். சொல்லு, கம்ப்யூட்டர் ஏன் மெதுவா ஓடுது?"

"விளம்பரம் வருதுல்லா, அதான்."

"விளம்பரம் ஏன் வருது?"

"ஏதோ டூல்பார் உள்ள உக்காந்திருக்கு. நாம டைப் அடிக்கதை எல்லாம் வேவு பாக்குமாம். நீங்கதான் போன தடவை சொன்னீங்க."

"அது ஏன் உள்ள வந்துச்சு?"

"மீன் நீந்துத படம் இலவசம்னு போட்டிருந்துச்சு. ஏத்துனேன். கூடவே வந்துட்டு."

"அதை ஏன் ஏத்துன? அதுவும் சனிக்கிழமை சாயங்காலமாப் பாத்து?"

"மீன் அழகா இருந்துச்சு."

நாலு 'ஏன்' ஆகிவிட்டது. ஐந்தாவதுதான் பாக்கி. அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"சரி, விடு" என்று மவுஸைப் பிடித்தான்.

பிறகு, ஞாபகம் வந்தவன்போலப் பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்தான்.

"சூப்பர்வைசர் குடுத்தாரு. இதைப் போட்டுட்டா இனிமே எந்த வைரஸும் கிட்ட வராதாம். ஞாயித்துக்கிழமை நிம்மதியா ஓ.டி.க்குப் போலாம்."

அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது. "நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு, அவன் குடித்து முடிக்காத காபியையும் எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, அவன் சி.டி.யை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீறல் விழுந்திருக்கு. படிக்க மாட்டேங்கு."

"அடடா" என்றாள் அவள். சந்தோஷத்தை மறைக்க ரொம்பவே பாடுபட்டாள், பாவம்.

டூல்பாரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிய மத்தியானம் ஆகிவிட்டது. அவன் பிடுங்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். கம்பெனி பஸ்ஸுக்கு ஓடாமல், மூன்று தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாயங்காலம் இருவரும் கல்யாண போட்டோக்களை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார்கள். போட்டோ எதுவும் போயிருக்கவில்லை.

மறுநாள் விடிகாலையிலேயே கம்பெனி பஸ் அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பத்து மணிக்கு, வீட்டுச் சொந்தக்காரி அலமு கதவைத் தட்டினாள்.

"இன்னா செல்வி, எங்க வூட்டு கம்ப்யூட்டர்லயும் விளம்பரமா வந்து குதிக்குது. கொஞ்சம் வந்து பாரேன்."

"எனக்கு அதெல்லாம் என்னக்கா தெரியும்? அவங்க வந்ததும் சொல்லுதேன்."

"காலீல கோலம் போடசொல்லோ அவரைத்தாம்மா கேட்டேன். 'செல்வியக் கூப்டுக்கினு போங்க, பத்து நிமிசத்துல சரி பண்ணிடுவா'ன்னாரு."

முத்துச்செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யோ, அவங்களுக்கு எப்படித் தெரி..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னொன்னும் சொன்னாரு" என்றாள் அலமு, ஒன்றும் புரியாமல். "'ஞாயித்துக்கெழம மட்டும் கூப்டாதீங்க, அன்னிக்கு அவளுக்கு ஒண்ணுமே தெரியாது'ன்னு சிரிச்சிக்கினே பஸ் ஏறினாரு. அது இன்னாம்மா அப்படி?"