கொடி ஏற்றியவர்

"உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு?"

பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் மானோப்பின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்திருந்தான் சுதின். அவன் ஓட்டிவந்த நகராட்சித் தண்ணீர் லாரி, கதவைக்கூடச் சாத்தாமல், ரோட்டில் குறுக்கே நின்றது.

"ஊரே புகையில மூழ்கிக் கிடக்கு. எதிர்ல இருக்கிற மலை தெரியல. இன்னைக்குப் போய்ப் பச்சைக் கொடி ஏத்தியிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?"

மானோப் கூப்பிய கையோடு நின்றார். நாற்காலியில் அவருடைய ஒட்டரிசிச் சோற்றுப் பொட்டலம் காலையிலிருந்து பிரிக்காமலே கிடந்தது.

சுதினின் ஒன்பது வயது மகள் புவாவுக்கு ஆஸ்துமா. காலையில் ஓட்டப் பயிற்சி என்று மைதானத்தில் ஓடியவள், மூன்றாவது சுற்றில் சுருண்டு விழுந்தாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. "இன்னும் பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தா என் கையில ஒண்ணும் இல்ல" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் வேறு ஆக்சிஜன் மாஸ்க்கைத் தள்ளிவிட்டு, "திட்டாதப்பா. கொடியைப் பார்த்துட்டுத்தான் ஓடினேன். பச்சைதான் இருந்துச்சு" என்றாள். அவளை மனைவியிடம் விட்டுவிட்டு நேராக இங்கே வந்துவிட்டான்.

வடக்குத் தாய்லாந்தில் மார்ச் மாதம் வந்தால் மலைக்காடு எரியும். அந்தப் புகையும் டவுன் வண்டிகளின் புகையும் சேர்ந்துகொள்ளும். அதனால் பள்ளிக்கூடங்களில் தினமும் காலையில் காற்றில் மாசு எவ்வளவு என்று பார்த்து ஒரு கொடி ஏறும். பச்சை என்றால் விளையாடலாம். சிவப்பு என்றால் வகுப்பை விட்டு யாரும் வெளியே வரக்கூடாது.

ரச்சனி டீச்சர் ஓடிவந்தாள். "முதல்ல கையை எடுங்கண்ணே. உங்க பொண்ணைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினதே இவர்தான்."

"கொல்லவும் பார்த்துட்டுத் தூக்கிட்டும் ஓடினா புண்ணியமா? படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பறேன் டீச்சர் அவகிட்ட. போன்ல வர்ற காத்து நம்பரை நம்பாத, அது சுத்தப் பொய், உங்க ஸ்கூல் கொடியை மட்டும் பாருன்னு."

"பொய்யா? அது நகராட்சி நம்பராச்சே. உங்க ஆபீஸ் வாசல்ல காத்தை அளக்கிற மெஷின்தானே சொல்லுது?"

"எனக்குத் தெரியும், விடுங்க" என்றான் சுதின் அவசரமாக. "உங்க கேட்டுல ஒரு மெஷின் மாட்டினீங்களே, அதைப் பார்த்துத்தானே கொடி ஏத்தணும்?"

டீச்சரும் மானோப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது போன மாசமே செத்துப்போச்சுண்ணே. புதுசு வர்ற வரைக்கும் நகராட்சி நம்பரைத்தான் பார்த்து ஏத்தறோம்."

மானோப் இப்போதுதான் வாயைத் திறந்தார்.

"காலையில நாப்பத்தஞ்சு காட்டுச்சு தம்பி, அது பச்சைக்கான நம்பர். எனக்கே தொண்டை கமறிச்சு. மலையும் தெரியல. என் கண்ணை நம்பறதா, கவர்மென்ட் மெஷினை நம்பறதா? நான் எட்டாவது பெயில். மெஷின் பொய் சொல்லாதுன்னு ஏத்திட்டேன்."

சுதினின் பிடி தானாகவே தளர்ந்தது.

அவன் போன் அடித்தது. லாரி ஓட்டுகிற பழக்கத்தில் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான். இப்போதும் விரல் தானாக அங்கேதான் போனது. சூப்பர்வைசர் குரல் வாசல் முழுக்கக் கேட்டது.

"எங்கய்யா தொலைஞ்சே? காலையில ஏழு மணிக்கு மெஷினைக் குளிப்பாட்டினே, சரி. மத்தியானக் குளியல் என்னாச்சு? நம்பர் எகிறிக்கிட்டுப் போகுது. பாங்காக் டூரிஸ்ட் கூட்டம் ரூமைக் கேன்சல் பண்ணுதுன்னு ஓட்டல்காரங்க என் உயிரை எடுக்கறாங்க. சட்டுனு வந்து மெஷினைச் சுத்தி நாலு ரவுண்டு தண்ணி அடி. பச்சை ஆயிடும்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

மூன்று வருஷமாக அவனுக்கு அதுதான் வேலை. காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், மெஷினைச் சுற்றித் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை அடக்க வேண்டும். ஊர்க் காற்று அப்படியேதான் இருக்கும், நம்பர் மட்டும் இறங்கும். 'மெஷினுக்கு ஜலதோஷம் பிடிக்கப் போகுதுடா' என்று ஆபீசில் கிண்டலடிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரித்திருக்கிறான்.

மானோப் தன் போனை எடுத்துப் பார்த்தார்.

"நூத்தி எழுபது" என்றார் டீச்சரிடம். அவனைத் திட்டவில்லை, முறைக்கவில்லை. கம்பத்தடிக்கு நடந்துபோய்ப் பச்சைக் கொடியை இறக்கினார். சிவப்பை எடுத்துக் கயிற்றில் கட்டினார்.

சுதின் போனை அணைத்தான். நடந்துபோய் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"குடுங்கண்ணே. காலையில பச்சையை ஏத்தினது நான்தான். இதையும் நானே ஏத்திடறேன்."