முதலாளி கோட்டு

பணம் தருகிறேன் என்றார் அண்ணன். ஆனால் ஒரு நிபந்தனை.

“என் கோட்டு கடை முகப்புல தொங்கணும். கண்ணாடிக்குப் பின்னாடி, தெருவுல போறவன் கண்ணுல படற மாதிரி. விலையும் நான்தான் வைப்பேன்.”

பாப்பாவுக்குச் சுருக்கென்றது. ஐம்பதைத் தொடப் போகிறாள், வீட்டில் இன்னும் அவள் பாப்பாதான். வேறு வழி இருந்திருந்தால் அண்ணனிடம் போய் நின்றிருக்க மாட்டாள்.

அவள் தொடங்க நினைத்தது பழைய துணிக் கடை. அலமாரியில் சும்மா கிடக்கும் துணியை யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து கொடுக்கலாம். கடை அதைத் தேய்த்து மாட்டி வைக்கும். விற்றால் கொடுத்தவருக்குப் பாதி, கடைக்குப் பாதி. மூன்று மாதத்தில் போகவில்லையென்றால் கொடுத்தவரே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

வங்கி மேலாளர் முழுதும் கேட்டார். கடையில் தொங்கப் போகும் சரக்கில் ஒன்றுகூட உங்களுடையது இல்லையே, எதை நம்பிக் கடன் கொடுப்பது என்றார். நியாயமான கேள்வி. எழுந்து வந்துவிட்டாள்.

அண்ணன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தார். கூடவே கோட்டையும்.

அப்பாவின் கம்பளிக் கோட்டு அது. முழங்கையில் வேறு நிறத்தில் ஒட்டு. பொத்தான்கள் ஒன்றுக்கொன்று சொந்தமில்லாதவை. அந்த லட்சணத்துக்கு அண்ணன் வைத்த விலையில் புதுக் கோட்டே இரண்டு வாங்கலாம்.

கடை திறந்த அன்றே பாப்பாவின் கணவர் அதற்கு ‘முதலாளி கோட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார். “பணம் போட்டது யாருன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?”

அண்ணனும் அதற்கேற்ற மாதிரிதான் நடந்துகொண்டார். சாயங்காலமானால் எதிர்ச்சாரியில் வந்து நிற்பார். கோட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். போய்விடுவார். உள்ளே ஒரு நாளும் வந்ததில்லை.

பாப்பாவுக்கும் அந்தக் கோட்டு மேல் ஆசை இல்லாமலில்லை. அப்பா இறந்துபோன வருஷம், குளிர் நாளில், வீட்டில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. அம்மா அதைச் செய்தித்தாளில் சுற்றி, அண்ணனையும் கூட்டிக்கொண்டு விற்கப் போனாள். போன மாதிரியே திரும்பி வந்தாள், கோட்டோடு. “விக்க மனசு வரலடி பாப்பா” என்றாள். அப்பாவின் மேல் அவ்வளவு பாசம். அன்றைக்கு மூன்று பேரும் அதையே போர்த்திக்கொண்டு ஒண்டிப் படுத்தார்கள். கம்பளி வாடையும் அம்மாவின் சூடும் பாப்பாவுக்கு இன்னும் மறக்கவில்லை. பசித்ததுதான் மறந்துவிட்டது.

ஆனால் ஆசை வேறு, வியாபாரம் வேறு.

ஒரு நாள் டாக்டர் வீட்டம்மா காரில் வந்தார். இரண்டு அலமாரி நிறைய துணி இருக்கிறதாம், பாதி ஒரு தடவைதான் உடுத்தினதாம். பாப்பாவுக்கு வாயெல்லாம் பல். அந்தம்மா முகப்பைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தக் கந்தல் பக்கத்துலயா என் துணி தொங்கும்? அதை எடுங்க, அனுப்பறேன்.”

மூன்று மாதமும் அந்த வாரம்தான் முடிந்திருந்தது. நல்ல சாக்கு. பாப்பா கோட்டைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தாள். அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“கடை விதி எல்லாருக்கும் ஒண்ணுதாண்ணா. வந்து எடுத்துட்டுப் போயிடுங்க.”

“ம்” என்றார். வைத்துவிட்டார்.

அப்போதுதான் வாசலுக்கு ஒரு பெண் வந்தாள். கக்கத்தில் ஒரு துணிப்பை. கடைப் பக்கம் அடிக்கடி கண்ணில் படுகிற முகம்தான், உள்ளே வந்ததில்லை. காலியான முகப்பைப் பார்த்தாள். வந்த வழியே திரும்பினாள்.

பாப்பா வெளியே போய்க் கூப்பிட்டாள். என்ன வேண்டும் என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா” என்றாள் அவள். பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். “ரொம்ப நாளா வரணும்னு நெனச்சிட்டே இருந்தேன். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் தைரியம் வந்துச்சு. அதையே வாங்கி மாட்டியிருக்காங்க, நம்ம துணியைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்கன்னு. இன்னிக்கு அதையே எடுத்துட்டீங்க.”

பாப்பா அவளை உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தாள். பையில் இருந்தது பிள்ளைகளின் சட்டை, ஒரு கம்பளி உடுப்பு. ஓரம் பிரித்து நீளமாக்கியவை. நல்ல கையால் செய்த வேலை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள்.

இதுவரை தயங்கித் தயங்கி வந்தவர்களெல்லாம் வாசலில் ஒரு நிமிஷம் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

டாக்டர் வீட்டம்மாவுக்கு வேறு கடை கிடைக்கும்.

அண்ணன் வந்தபோது கோட்டு பழைய இடத்தில் தொங்கியது. எதிர்ச்சாரியிலேயே நின்று பார்த்தார். பிறகு தெருவைத் தாண்டி, முதல் தடவையாகக் கடைக்குள் வந்தார்.

“எடுத்துட்டுப் போகச் சொன்னியே.”

“இருக்கட்டும்ணா. அம்மாவுக்கே விக்க மனசு வராத கோட்டு.”

அண்ணன் முழங்கை ஒட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

“மனசெல்லாம் வந்துச்சு பாப்பா. கடைக்காரன்தான் ரெண்டு விரலால தூக்கி, அங்க இருந்தவங்களுக்கெல்லாம் காட்டிக் காட்டிச் சிரிச்சான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வழியெல்லாம் சொல்லிட்டே வந்தா அம்மா.”

அவர் குனிந்து விலைச்சீட்டைப் பார்த்தார்.

“இன்னும் ஏத்தி எழுது. எவனாவது வாங்கித் தொலைச்சிடப் போறான்.”