பாஸ் இருக்கா சார்?

"பாஸ் இருக்கா சார்?"

பட்டாளத்து முகாமின் இரும்புக் கேட்டுக்கு முன்னால் விறைப்பாக நின்றபடி கேட்டார் காவல்காரர். பச்சைச் சட்டை, பச்சைக் கால்சட்டை, தலையில் தொப்பி. சட்டைக் கையின் மடிப்பில் விரலை வைத்தால் அறுத்துவிடும் போலிருந்தது.

அருள்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பனியன் கம்பெனி வைத்திருக்கும் அவரைத் திருப்பூரில் எந்த ஆபீஸ் வாசலிலும் நிறுத்தியதில்லை. இந்தக் கேட்டில் மட்டும் இது மூன்றாவது நாள்.

"ஏனுங்க, நேத்தே சொன்னனுங்களே. முகாமை மூடறாங்க. நெலத்தை என்ன பண்ணலாம்னு சனங்ககிட்ட மனு கேட்டிருக்காங்க. உள்ள அளந்து பிளான் போட்டுக் குடுக்கோணுங்க. இன்னைக்கு அஞ்சு மணியோட கடைசி."

"தெரியும் சார். முப்பத்தொண்ணாந்தேதி வரைக்கும் இது முகாம்தான். பாஸ் இல்லாம யாரையும் விட முடியாது."

உண்மையில் அருள்குமாருக்கு நிலத்தின் மேல் அவ்வளவு கண்ணில்லை, உள்ளே இருக்கும் கிணற்றின் மேல்தான். சுற்றிலும் உள்ள கிணறுகளில் சாயக்கழிவு இறங்கி, ஒரு மாதம் சிவப்பும் ஒரு மாதம் நீலமுமாக நாறிப்போயின. முகாம் கிணறு மட்டும் இன்னும் இளநீராக இருந்தது. அதை நம்பி ஒரு சாயப்பட்டறை போட அவருக்கு ஆசை.

லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு சண்டை போடும் ஊர்க்காரர்களுக்கோ அங்கே ஒரு குடிதண்ணீர்த் தொட்டி கட்ட வேண்டும். இருக்கிற ஒரே நல்ல கிணற்றையும் கெடுக்கத் துடிக்கிற மனிதரை என்ன சொல்வது? அந்த வரிசையில் ஒருநாள் நின்றிருந்தால் அவருக்கும் புத்தி வந்திருக்கும். ஆனால் உள் அளவோடு பிளான் இல்லாத மனுவை, அது யார் மனுவாக இருந்தாலும், வாங்க மாட்டோம் என்று பல்லடம் தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

கூட்டி வந்திருந்த சர்வேயர் வேப்பமர நிழலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். அதட்டிப் பார்த்து அலுத்துப்போன அருள்குமார் குழைந்து பார்த்தார்.

"பாத்தீங்களா சர்வேயர் சார், பட்டாளத்து டிசிப்ளின்னா இதுதானுங்க! என்ற கம்பெனில ஒருத்தனுக்காச்சும் இப்படி அயர்ன் பண்ணத் தெரியுதா?"

காவல்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சட்டைக் கை விலகி ஒரு தழும்பு தெரிந்தது.

"கையில என்னங்க அவ்வளவு பெரிய தழும்பு? சண்டையில பட்டதுங்களா?"

"டூட்டியில பட்டது சார்."

"அடடா! உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நாங்க நிம்மதியாத் தூங்கறம். காருல எக்ஸ்போர்ட் டி-ஷர்ட் இருக்குதுங்க, பிரிக்காத பீஸு. ரெண்டு எடுத்துக்கிறீங்களா?"

"அதெல்லாம் நெறையப் பாத்தாச்சு சார்."

மணி மூன்றரை. கேட்டின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்த அருள்குமார் திடுக்கிட்டார். கிணற்று மேட்டில் சேலைகள் தெரிந்தன.

"உள்ளுக்குள்ள பொம்பளைங்க நடமாடறாங்களே, யாருங்க அது?"

"உள்ள நடக்குறதை வெளிய சொல்ல எனக்கு உத்தரவு இல்ல சார். கேட்டை விட்டுத் தள்ளி நில்லுங்க."

அதற்குமேல் அருள்குமாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஊருக்குள் நாலு பேரை மிரட்டலாம், பட்டாளத்துக்காரனை மிரட்ட முடியுமா? தள்ளித்தான் நின்றார்.

நாலு மணிக்குக் கேட் உள்ளிருந்து திறந்தது. ஊரில் பால் ஊற்றும் சுப்பாத்தாள் முதலில் வந்தாள். அக்குளில் சுருட்டிய சார்ட் பேப்பர். பின்னால் ஐந்து பெண்கள், எல்லோர் கழுத்திலும் டெய்லர் இஞ்ச் டேப் மாலையாகத் தொங்கியது.

"மூணு நாளா அளந்தது முடிஞ்சுது கண்ணு. நாங்க பல்லடம் போயி மனுவைக் குடுத்தர்றோம்" என்று காவல்காரரிடம் சொன்னாள். தயாராக நின்ற ஆட்டோவில் ஐந்து பேரும் நெருக்கியடித்து ஏறினார்கள்.

அருள்குமார் பாய்ந்து வந்தார். "இவங்களுக்கு மட்டும் பாஸ் இருக்குதா?"

"எனக்கெதுக்குங்க பாஸு?" என்று நிமிர்ந்து கேட்டாள் சுப்பாத்தாள். "பட்டாளம் போயிப் பத்து நாளாச்சுங்க. இத்தனை வருசமாப் பால் ஊத்தறவளாச்சேன்னு சாவிய எங்கிட்டக் குடுத்துட்டு, ஒண்ணாந்தேதி தாசில்தாருகிட்டச் சேத்தீரச் சொன்னாங்க. வேணும்னா இப்ப உள்ள போயி அளந்துக்குங்க, ஆரு வேண்டாங்கறா?"

அவளும் ஏறிக்கொள்ள, ஆட்டோ புழுதி கிளப்பிக்கொண்டு போனது. சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அறுபது ஏக்கரை ஒரு மணி நேரத்தில் அளக்க அவரால் முடியாது.

அருள்குமார் முகம் சிவக்கக் காவல்காரர் பக்கம் திரும்பினார். "பட்டாளம் போயிருச்சுன்னா, அப்ப நீ யார்ரா? எங்கிருந்துடா வந்தே? இரு, போலீசைக் கூப்படறேன்!"

"கூப்பிடுங்க. நானும் வெளியூர்லருந்து பொழைக்க வந்தவன்தான். ஆனா என் புள்ளைகளும் இந்த ஊர்த் தண்ணியத்தான் குடிக்குதுக."

அவர் நிதானமாகத் தொப்பியைக் கழற்றி, சட்டைக் கையை மடித்து, தழும்பை அருள்குமாரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நல்லாப் பாருங்க மொதலாளி, இது உங்க கம்பெனி அயர்ன் டேபிள்ல பட்ட சூடு. ஆறு வருசமா அங்கதான் நிக்கிறேன்."