இராக்கம்மாவின் நெஞ்சு

“ஓடக்கூடாது. இனி ஒரு அடிகூட ஓடக்கூடாது” என்றார் டிஸ்பென்சர் கனகசுந்தரம், குழாயைக் காதிலிருந்து கழற்றிக்கொண்டே. “பிள்ளையின்ர நெஞ்சு பலவீனம், வீரய்யா.”

வீரய்யாவுக்கு விளங்கவில்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மகளை அவர் கூட்டிவந்தது காய்ச்சலுக்கோ இருமலுக்கோ அல்ல. உடம்பு நன்றாயிருக்கிறது என்று கொழும்புக்கு அனுப்ப ஒரு சர்டிபிகேட் வாங்கத்தான்.

போன மாதம் பதுளைப் போட்டியில் நூறு யார் தூரம் ஓடி, பட்டணத்துப் பள்ளிக்கூடப் பெண்கள் அத்தனை பேரையும் பின்னால் விட்டவள் இராக்கம்மா. அதுவும் வெறுங்காலோடு. தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு பெண் அந்த மைதானத்தில் இறங்கியதே அதுதான் முதல் தடவை. வெளிநாடு போகும் குழுவில் அவள் பெயரும் இருப்பதாகப் பத்திரிகையில் வந்திருந்தது.

“அய்யா, கூடையோட மலை ஏறி எறங்குற புள்ளைங்க. ஒரு நாளு மூச்சு வாங்கி நான் பாத்ததில்லீங்க.”

“அது வெளியிலை தெரியாது.”

“நானே இந்தத் தோட்டத்துல பொறந்தவனுங்க. எம் மக சிலோனுக்காக ஓடப் போறான்னு லயம் பூரா சொல்லி வச்சிருக்கேன். பதுளை பெரியாஸ்பத்திரியில ஒருக்கா காட்டிப் பாப்பமா?”

“பிரயோசனமில்லை.” டிஸ்பென்சர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

இராக்கம்மா வாங்குப் பலகையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“கொழுந்தாவது எடுக்கலாங்களா?”

“அதுக்கென்ன, எடுக்கட்டும்.”

யாரை நொந்துகொள்வது, யார் காலில் விழுவது என்று வீரய்யாவுக்குத் தெரியவில்லை. மகள் முன்னால் அழக்கூடாதென்று வெளியே வந்தவர், ஆஸ்பத்திரியின் பின்பக்கப் பலகைச் சுவரில் சாய்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பலகைக்கு அந்தப் பக்கம் டிஸ்பென்சரின் பேச்சுக் கேட்டது.

“நீ கேட்டபடி சொல்லிப்போட்டன், பிள்ளை. இந்தா, கொழும்புக் கடிதம். இதைக் கொப்பர் வீரய்யாவுக்கே வாசிச்சுக் காட்டியிருக்கலாம்.”

“வேணாங்கய்யா” என்றாள் இராக்கம்மா. “தோட்டத்து ஆளுங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லேன்னு எம்பேர வெட்டிட்டாங்கன்னா, அப்ப நாம எந்த நாட்டு ஆளுன்னு கேப்பாரு. நான் என்னன்னு சொல்லுவேன்? எனக்கு நெஞ்சு கெட்டுப்போச்சுன்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்.”

வீரய்யா முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

இராக்கம்மா படியிறங்கி வந்தாள். எதிரே லயத்துக்குப் போகும் செங்குத்துப் பாதை. அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா வா, புள்ள. நெஞ்சு தாங்காது.”