மனையா, பென்ஷனா?

"மனைதான் வாங்கணும் ரேணு. சொந்த இடம்னு ஒண்ணு இருந்தா, வயசான காலத்துல யாரும் 'வெளியே போ'ன்னு சொல்ல முடியாது" என்றான் தமிழரசன்.

மரக்காணம் உப்பளத்தில் பத்து மணிக்கே வெயில் கண்ணைக் கூசவைத்தது. விடியலிலிருந்து வாரிய உப்பைக் குவித்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம். இரண்டு பேர் கூலியிலும் மிச்சம் பிடித்தது ஒரு லட்சத்துச் சொச்சம். திண்டிவனம் ரோட்டில் இரண்டு சென்ட் மனைக்கு அதை அட்வான்ஸாகக் கேட்டிருந்தார் புரோக்கர் பாவாடை. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"எனக்கு பேங்க்ல பென்ஷன் திட்டத்துல போடறதுதான் சரின்னு படுது" என்றாள் ரேணுகா. "பசிச்சா மனையைத் திங்க முடியுமா?"

"வீடு கட்டி வாடகைக்கு விட்டா மாசா மாசம் காசு வராதா?"

"குடியிருக்கறவன் தரலைன்னா? வாசல்ல போய் நின்னு சண்டை போட்டு வாங்கணும். அறுபது வயசுல அதெல்லாம் ஆவுமா, நீங்களே சொல்லுங்க."

தமிழரசன் காலை நீட்டினான். பாத வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறி எரிந்தது. ரேணுகா குடத்திலிருந்த நல்ல தண்ணீரை ஊற்றி, அவன் காலைக் கழுவிவிட்டாள்.

"எங்க அண்ணன் பசங்க இருக்கானுங்களே. கூட நின்னு வாங்கித் தர மாட்டானுங்களா?" என்றான்.

"தங்கமான பசங்கதான். ஆனா இடம்னு வந்துட்டா யாரு எப்படி மாறுவாங்கன்னு தெரியாது. ஒரு கைநாட்டை வாங்கிட்டா முடிஞ்சிபோச்சி. பென்ஷனை யாரும் எழுதி வாங்கிக்க முடியாதுல்ல?"

"அதுக்கு வருஷா வருஷம் கட்டணுமே. மழை வந்துட்டா நமக்கு வேலையே கிடையாது."

"மழைக் காலத்துல குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸ்ல பாத்திரம் தேய்க்கப் போறேன். பேசிட்டு வந்துட்டேன்."

தமிழரசன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்த மனையை நான்கு தடவை போய்ப் பார்த்திருந்தான். காலால் அளந்து, வாசல் எந்தப் பக்கம், அடுப்படி எந்தப் பக்கம் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தான்.

"கிழக்குப் பார்த்து வாசல் வைக்கலாம்னு இருந்தேன் ரேணு."

"எனக்கு மட்டும் ஆசையில்லையா?" அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நமக்கு வாடகை வீடே போதுங்க."

தமிழரசன் செல்போனை எடுத்தான்.

"பாவாடை அண்ணே, அந்த மனையை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

மூன்று மணிக்கு பேங்க்கில், சுலோசனா என்ற அதிகாரி அவர்கள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"உங்க வயசுல யாரும் இப்படி யோசிக்கறதில்லை. ரொம்ப நல்ல முடிவு. சரி, உங்க ரெண்டு பேர்ல யாருக்குப் போடணும்?"

"எங்களுக்கு இல்லைங்க மேடம்" என்ற ரேணுகா, தோளில் சாய்ந்திருந்த மகளை மெதுவாகத் திருப்பி மடியில் உட்கார வைத்தாள். பேச்சு வராத, பசித்தால்கூடக் கேட்கத் தெரியாத ஆறு வயது அம்சவல்லி, மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"இவளுக்கு வயசாகும்போது நாங்க இருக்க மாட்டோம்" என்றான் தமிழரசன்.