மூக்கில்லாத லாரி

சிருண்டு நாட்டெல்லைச் சாவடியில் லாரி வரிசை ஊர்ந்துகொண்டிருக்கிறது. முவீங்காவின் ஐரோப்பிய லாரி மட்டும் நகரவில்லை. ஃபேன் பெல்ட் அறுந்து எஞ்சின் கொதித்துவிட்டது. தட்டை முகம் அதற்கு. இருக்கைக்கு அடியில்தான் எஞ்சின். அதைத் தொட வேண்டுமென்றால் கேபினையே முன்னால் கவிழ்க்க வேண்டும். கேபினுக்குள் அவன் மனைவி சோல்வே, பத்து நாள் மகளை மார்பில் போட்டபடி, பிள்ளை பெற்ற பிறகு முதன்முறையாக அசந்து தூங்குகிறாள். புது பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு அவன் படியில் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் நிற்கும் நீள்மூக்கு அமெரிக்க லாரியிலிருந்து நண்பன் சிட்டாலி இறங்கி வருகிறான். "என் வண்டின்னா மூக்கைத் தொறந்தாப் போதும் மச்சான், உள்ள கல்யாணமே நடத்தலாம். நீ வீட்டையே இல்ல கவுக்கணும்!" "மெதுவாப் பேசுடா. இப்பதான் கண்ணசந்தா." "எழுப்பலேன்னா வரிசையில கடைசிக்குப் போயிடுவே." "போறேன். அவ தானா எழுந்திரிக்கட்டும்." சிட்டாலி அண்ணாந்து பார்க்கிறான். கண்ணாடி வழியே சாயங்கால வெயில் குழந்தையின் உள்ளங்காலைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. போய்த் தன் லாரியை ஒடித்து, வெயில் பக்கமாக ஒட்டி நிறுத்தி, எஞ்சினை அணைக்கிறான். அதன் உயர்ந்த கேபினின் நிழல் அந்தப் பாதத்தில் விழுகிறது. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடிக்காமல் தாண்டிப் போகின்றன. "உன் இடமும் போச்சேடா," என்கிறான் முவீங்கா. "போகட்டும். என் மூக்கு எங்க நின்னாலும் உன்னைவிட முன்னாலதான் இருக்கும்," என்று கிசுகிசுக்கிறான் சிட்டாலி.