பாதிச் சொல்

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாதுகாப்பு அதிகாரி கிரேன் ஓட்டுநரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

“கீழ ஆள் நிக்கறப்போ யாரைக் கேட்டுய்யா இரும்புத் தூணை இறக்கினே?”

“கீழேயிருந்து ‘இறக்கு’ன்னு குரல் வந்துச்சு சார். ஜெனரேட்டர் இரைச்சல்லயும் கேட்டுச்சு.”

“யாரு குரல்?”

“என் மச்சான் குரல். பொண்டாட்டியோட தம்பி. தூக்கத்துல கேட்டாலும் அவன்தான்னு சொல்லிடுவேன்.”

“அவனைக் கூப்பிடு.”

ஓட்டுநர் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைக் கைகாட்டினார்.

அதிகாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “தன் தலையில இறக்கச் சொல்லி எவனாவது கத்துவானா?”

அதைத்தான் ஓட்டுநரும் காலையிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். “கண்ணு முழிச்சதுலேர்ந்து ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்றார். வந்து கேளுங்க.”

இரைச்சலே இல்லாத அந்த அறையில், ஓட்டுநருக்கு இப்போது முழுச் சொல்லும் கேட்டது.

“மாமா, இறக்காத… இறக்காத…”